இன்னும் பறக்காத விமானமும் சுலோச்சனா மேடமும்

மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. சுலோச்சனா மேடத்தின் தம்பி ரெங்கராஜன். "அண்ணே, அக்கா போயிருச்சுண்ணே" என்றார். நான் படியிலேயே நின்றுவிட்டேன். பின்னால் இறங்க நின்றவர்கள் பையால் முதுகில் இடித்துத் திட்டினார்கள். அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அழுகை வரவில்லை. 'விமானம் இன்னும் பறக்கவில்லையே' என்றுதான் தோன்றியது. ஒரு மனுஷி செத்துப்போன செய்தி வருகிறது, எனக்கு இறக்கையும் சக்கரமும் ஞாபகம் வருகின்றன. அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பசுமலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கடல் கடந்த ஒரு நிறுவனம் புதிதாக ஒரு பயணிகள் விமானம் செய்துகொண்டிருந்தது. அலுமினியத்தை விட்டுவிட்டு, கார்பன் நாரைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி, சூளையில் வேகவைத்துச் செய்கிற விமானம். அதன் கணக்குகளை உலகம் முழுக்கப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பிரிந்து பிரிந்து, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஒரு சின்னத் துண்டு எங்கள் மாடிக்கும் வந்து சேர்ந்தது. அந்தத் துண்டு பாரம் தாங்குமா என்று கணக்குப் பார்க்கும் பிரிவுக்கு மேடம் தலைவர். வரைபடப் பிரிவுக்கு நான். மதுரையில் விமானமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லியே எனக்கு வாய் வலித்திருக்கிறது. கீழே நாதஸ்வரம் ஊதுவான், மேலே நாங்கள் இறக்கையை வளைத்துக்கொண்டிருப்போம்.

மேடம் என்னைவிட மூத்தவர். ஆனாலும் என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். காவலாளியும் அண்ணே, முதலாளியும் அண்ணே. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற, ஒரு காலத்தில் தறி நெய்த குடும்பம். கணக்குப் பார்க்கும்போது உதடு அந்த மொழியில்தான் முணுமுணுக்கும். தமிழுக்கு மாறினால் விடை வந்துவிட்டது என்று அர்த்தம். இறக்கையைக் கணினியில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு இழுபடுகிறது என்று பார்ப்பது அவர் பிரிவின் வேலை. புதிதாகச் சேர்பவர்களிடம் அவர் சொல்கிற முதல் பாடம் ஒன்று உண்டு. "கட்டம் பெருசா இருந்தா பொய் சொல்லும். மதுரைக்கு இன்னைக்கு இம்புட்டு மழைன்னு பேப்பர்ல போடுறான். எந்தச் சந்துல இடுப்பளவு தண்ணி நின்னுச்சுன்னு அதுல தெரியுமா?" இதைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். பிற்பாடு இதை நினைத்துத்தான் அவர் அதிகம் வேதனைப்பட்டார்.

விமானத்தை முதன்முதலில் ஊருக்குக் காட்டிய விழாவை டி.வி.யில் போட்டார்கள். வெள்ளையும் நீலமுமாக அது மினுக்கியது. வெளிநாட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டினார்கள், நாங்களும் பசுமலை மாடியில் கைதட்டினோம். மேடம் மட்டும் தட்டவில்லை. "உள்ள ஒண்ணுமே இல்லண்ணே. பாதிப் பாகம் இன்னும் வந்து சேரவே இல்ல. கெடச்ச போல்ட்டப் போட்டு முறுக்கி, மேல பெயின்ட் அடிச்சு நிறுத்தியிருக்காங்க" என்றார். வேலையில் இருந்த எங்களுக்கு இது தெரியும்தான். தெரிந்தும் கைதட்டினோம். "விழாவுக்கு நாள் குறிச்சாச்சு, என்ன செய்வாங்க பாவம்" என்றேன் நான். "நாள் குறிச்சது யாரு? பிளேனா குறிச்சுச்சு?" என்று கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. நல்ல நாளும் அதுவுமாக இந்த அம்மாவுக்கு ஏன் இப்படி வாய் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை விளாங்குடியில், மேடத்தின் வீட்டுக்குப் போகும் வழியில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு ஃபிளக்ஸ் எழுந்து நின்றது. நம் ஊரில் காதுகுத்துக்கும் ஃபிளக்ஸ் உண்டு, கண்ணீர் அஞ்சலிக்கும் உண்டு. ரெங்கராஜன் வைக்காமல் இருப்பாரா? ஜவுளிக்கடைக்காரர், நண்பர்கள் பட்டாளம் வேறு. மேகத்துக்கு நடுவே விமானம். பக்கத்தில் மேடத்தின் அடையாள அட்டைப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிப் போட்டிருந்தார். 'வானத்தை நெய்த எங்கள் வீட்டுப் பெண்ணே!' என்று தலைப்பு. கீழே நண்பர்கள், மச்சான்கள், மச்சான்களின் குழந்தைகள் என்று வரிசை வரிசையாக முகங்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கைக்குழந்தையும் இருந்தது.

மேடம் அதைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு வந்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எங்க வீட்டுல தறி பாத்த ஆளே இப்ப இல்லண்ணே. எங்க அப்பா பேங்க் கிளார்க்கு. இவன் நெய்ய விட்டுட்டான் என்னைய" என்றார். பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். "அவனச் சொல்லி என்ன? அங்க அவங்க நிறுத்தியிருக்கதும் ஃபிளக்ஸ்தான. இவன் துணியில வச்சான், அவங்க கார்பன்ல வச்சிருக்காங்க." சிரித்தாலும் அவருக்கு அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. கழற்றச் சொல்லித் தம்பியிடம் கேட்டார். வைத்த ஃபிளக்ஸைக் கழற்றினால் ஊர் என்ன நினைக்கும் என்று ரெங்கராஜன் மறுத்துவிட்டார்.

அப்புறம் தொடங்கியது தள்ளிப்போடுதல். போல்ட் பற்றாக்குறை என்றார்கள். ஓரிடத்தில் செய்த துண்டு இன்னோரிடத்தில் செய்த துண்டோடு சேரவில்லை என்றார்கள். ஒவ்வொரு முறையும் புதுத் தேதி வரும், போகும். ஃபிளக்ஸ் வெயிலில் வெளுத்து, விமானம் மேகத்தோடு மேகமாகிவிட்டது. மேடத்தின் முகம் மட்டும் எப்படியோ வெளுக்காமல் நின்றது. தினமும் அதன் கீழேதான் அவர் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். "என்னக்கா, திண்டுக்கல் பஸ்ஸே வந்துருச்சு, உங்க பிளேன இன்னும் காணோம்?" என்று டீக்கடையிலிருந்து குரல் வரும். "லேட்டாகுந்தம்பி" என்று பதில் சொல்லிவிட்டு ஏறுவார். நானாக இருந்தால் அடுத்த நிறுத்தத்தில் போய் ஏறியிருப்பேன்.

ஒருவழியாகப் பாகங்கள் சேர்ந்த பிறகு, பறக்கவிடுவதற்கு முன்னால், தரையில் நிறுத்தி இறக்கையை மேல்நோக்கி வளைத்துப் பார்க்கும் சோதனை நடந்தது. இறக்கையின் உட்புறத்தில் நெடுக விறைப்புப் பட்டைகள் ஓடும். அவை உடலை ஒட்டி வந்து முடிகிற முனைகளில், மேல்தோலும் பட்டையும் ஒட்டியது விட்டுப் பிரிய ஆரம்பித்திருந்தன, காயத்தில் ஒட்டிய பிளாஸ்திரி ஓரத்தில் கிளம்புகிற மாதிரி. இறக்கை உடையவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அவ்வளவு பாரத்துக்கு அங்கே பிரியக் கூடாது. முதல் பறப்பு மறுபடி தள்ளிப்போயிற்று. பிரிந்த முனைகளில் சில எங்கள் துண்டில் இருந்தவை.

செய்தி வந்த அன்று மேடம் பழைய கணக்கைத் திரையில் விரித்துவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். உதடு முணுமுணுக்கவே இல்லை. முனைகளில் கட்டங்கள் பெரிதாக இருந்தன. அவ்வளவுதான் விஷயம். பெரிய கட்டத்துக்குள் சராசரி நன்றாக இருந்தது, ஓரத்தில் இருந்த இழுப்பு அதற்குள் ஒளிந்துகொண்டது. அந்தக் கட்டத்தின் அளவைச் சொல்லிக் கொடுத்ததே அந்த நிறுவனம்தான். எல்லா ஊர்களிலும் அதே அளவில்தான் பார்த்தார்கள். எனவே எங்கள் பதில் தயாராக இருந்தது: நீங்கள் சொன்ன அளவு, நாங்கள் செய்த கணக்கு. இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நான் அவரிடம் அதைத்தான் அழுத்திச் சொன்னேன். "அவங்க சொன்னாங்க, நாம செஞ்சோம். இதுல நம்ம மேல என்ன இருக்கு?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொன்னாங்க செஞ்சோம்னு சொல்றதுக்கு அம்புட்டுத் தொலவுல இருந்து நாம எதுக்குண்ணே? ரெண்டாவது கண்ணு வேணும்னுதான நம்மகிட்டக் குடுத்தாங்க. நாம அந்தக் கண்ண மூடிக்கிட்டோம்."

தொலைபேசிக் கூட்டம் மறுநாள் மாலை நடந்தது. மேசை நடுவே ஒலிபெருக்கி, சுற்றி நாங்கள். ஒவ்வொரு ஊர்க்காரரும் வரிசையாகப் பேசினார். எல்லோரும் சொன்னபடியே செய்திருந்தார்கள். எங்கள் முறை வந்தது. முதலாளி கண்ணைக் காட்டினார். மேடம் ஆங்கிலத்தில் பேசினார். அதன் சாரம் இவ்வளவுதான்: 'நீங்கள் கொடுத்த அளவைப் பின்பற்றினோம். அந்த முனையில் அது போதாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன்.' அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் நன்றி சொன்னது. கீழே மண்டபத்தில் நிச்சயதார்த்தத்துக்குக் கெட்டிமேளம் கொட்டியது. எனக்குக் காது கூசியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவரைப் பார்த்துத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. சபையில் இப்படி யாராவது துணியை அவிழ்ப்பார்களா என்று இருந்தது.

இணைப்பைத் துண்டித்ததும் முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நல்லது மேடம், உண்மையச் சொல்லிட்டீங்க. நாளைக்கு வேல கையவிட்டுப் போச்சுன்னா இந்தப் பிள்ளைகள நான் எங்க கொண்டுபோயி விடுவேன்?" என்று மட்டும் கேட்டார். மேடம் முகம் சிவந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, உங்க வீட்டுல ஏணி இருக்கா?" எதற்கு என்று கேட்காமல் ஆட்டோவில் ஏணியைக் கட்டிக்கொண்டு போனேன். போன பிறகுதான் தெரிந்தது. பஸ் நிறுத்தத்தில், பட்டப்பகலில், மேடம் அரிவாள்மனையோடு நிற்கிறார்! "நீங்க பிடிச்சுக்கங்க, நான் ஏறுறேன்" என்றார். நம் ஊரில் ஃபிளக்ஸை அறுப்பது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருந்து தொடங்கிய வெட்டுக்குத்துகளை எல்லாம் நினைத்து எனக்கு வேர்த்துவிட்டது. டீக்கடைக் கூட்டம் முழுக்க எழுந்து வந்துவிட்டது. "ஏய், யாருடா அது பேனரக் கிழிக்கிறது?" என்று ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

மேலே இருந்தபடியே மேடம் சொன்னார்: "என் பேனர்தாண்ணே. நாந்தான் இது, பாருங்க."

வேட்டிக்காரர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கும்மா கழட்டுறீக? நல்லாத்தான இருக்கு?"

"நான் பாத்த கணக்குல தப்பு இருக்குண்ணே. அதுக்கப்புறமும் இது நிக்கிறது அசிங்கம்ல."

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஆனால் ஏணியின் இன்னொரு காலை வந்து பிடித்துக்கொண்டார். கயிறு அறுந்து ஃபிளக்ஸ் எங்கள் தலைமேலேயே விழுந்தது. நான் மச்சான் குழந்தைகளின் முகங்களுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தேன். ஊரே சிரித்தது. ரெங்கராஜன் அக்காவோடு ரொம்ப நாள் பேசவில்லை.

முதலாளி பயந்தது நடந்தது. அடுத்த கட்ட வேலை எங்களுக்கு வரவில்லை. மேடம் பேசியதால்தானா, அல்லது அந்த நிறுவனம் எல்லா வேலையையும் சொந்த இடத்துக்கே சுருட்டிக்கொண்டதாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அலுவலகத்தில் எல்லோரும் அவர்மேல்தான் பழியைப் போட்டோம். புதிதாகச் சேர்ந்தவர்களை முதலில் அனுப்பினார்கள். அவர்களில் ஒருவன் பாண்டி, மேடத்தின் பிரிவு. செக்கானூரணிக்கு அப்பால் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். கல்யாணம் நிச்சயம் ஆகவிருந்தது. வேலை போனதும் பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட மேடம், அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். "திட்டு வாங்கத்தான்" என்றார்.

வாங்கினார். பாண்டியின் அம்மா முறையாகக் காப்பி கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம் ஆரம்பித்தார். "ஏம்மா, படிச்சவுக நீங்க. எம்புட்டு நல்ல எடம் தெரியுமா? பொண்ணு டீச்சரு. நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா எம் மகன் சோலி இருந்திருக்கும்ல?"

"ஆமாம்மா, இருந்திருக்கும்."

"அப்பறம் ஏன் சொன்னீக?"

"அம்மா, விடும்மா" என்று பாண்டி நெளிந்தான். மேடம் அவனைக் கையமர்த்திவிட்டு, "அந்தப் பிளேன்ல ஆளு ஏறுவாங்கம்மா" என்றார். "ஏறட்டும், அதுக்கு எம்புள்ளதான் கெடச்சானா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடம் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பி வரும்போது சாலையோரத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். "அவங்க கேட்டதும் சரி, நான் சொன்னதும் சரி. ரெண்டும் சரியா இருந்தா மனுசன் என்னண்ணே செய்றது?" என்று கேட்டார். "பஸ் ஏறணும்" என்றேன். அவர் சிரித்தார், ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது. பாண்டிக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கும்வரை தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்துகொண்டே இருந்தார். கிடைத்த பிறகும் அந்த வீட்டுப் பக்கம் மறுபடி போகும் தைரியம் தனக்கு வரவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பிறகு அவரும் விலகினார், நானும் விலகினேன். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம், எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்பதற்கு முன்னால் "பறந்துச்சா?" என்று அவர் கேட்பார். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போவேன். கடைசியாகப் போனபோது ஒரு தேதி குறித்திருந்தார்கள், அதையும் தள்ளிவிட்டிருந்தார்கள். மருத்துவமனைப் படியில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன், பறந்துவிட்டது என்று சொல்லிவிடுவது என. என்ன கெட்டுவிடும்? மனசாரக் கண்ணை மூடட்டுமே. அறைக்குள் போனேன். மூக்கில் குழாய், கை வீங்கியிருந்தது. "பறந்துச்சா?" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "இல்ல மேடம். மறுபடி தள்ளிட்டாங்க."

"ஏனாம்?"

"பழுது பார்த்த எடத்துல இன்னொரு தடவ எடையேத்திப் பாக்கணுமாம்."

"எந்த எடம்?"

"நம்ம எடந்தான்."

கண்ணை மூடிக்கொண்டார். புண்படுத்திவிட்டேனே என்று நான் பதறினேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "நல்லதுண்ணே. நாம பாக்காம விட்டத அவங்க பாக்குறாங்க. பாக்கட்டும், அவசரப்படாமப் பாக்கட்டும்." ஊர் முழுக்க அந்தத் தாமதத்தை அவமானம் என்று பேசியது, நானும் அப்படித்தான் நினைத்தேன். அவருக்கு மட்டும் தாமதம் ஒரு நாளும் அவமானமாக இருந்ததில்லை. பார்க்காமல் சரி என்று சொன்னது ஒன்றுதான் அவருக்கு அவமானம். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் ரெங்கராஜனின் போன் வந்தது.

விமானம் ஒரு நாள் பறக்கும். அன்றைக்கு எனக்கு நீங்கள் போன் செய்வீர்கள், சந்தோஷமாகப் பேசுவோம். ஆனால் அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது வேறு. இப்போது ஒரு பஸ் பாடி கட்டும் பட்டறையில் படம் போடுகிறேன். போன வாரம் ஒரு வண்டியை அனுப்பும் நேரத்தில் முதலாளி கேட்டார், "முத்தையாண்ணே, எல்லாம் சரியா இருக்குல்ல?" சரியாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். காது மடல் சுட்டது. பின் படிக்கட்டுக்கு மேலே கூரை இணையும் மூலையை நான் போய்ப் பார்த்திருக்கவில்லை. "இல்ல, இன்னும் பாக்கல" என்றேன். வண்டி எடுக்க மாலையோடு வந்திருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். முகமெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சல்தான் சுலோச்சனா மேடம் எனக்கு விட்டுப்போனது. வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கக்கூடிய சொத்து இல்லை அது. ஆனாலும் யார் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை. வண்டி இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது.